தீபிகா வண்டியில் எப்போதும் நூறு

மார்ச் 3, 2025, திங்கள்

காலை ஐந்தேகாலுக்கு வண்டியைத் திறந்து பார்த்தேன். 31. இரவு சொருகும்போதும் 31தான். விடிய விடிய சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்ததுதான் கண்ட பலன்.

31 சதவீத சார்ஜில் இந்த மின்சாரக் கார் அறுபது கிலோமீட்டர் ஓடும். மல்லசமுத்திரத்திலிருந்து நாமக்கல் போய்த் திரும்ப எண்பது. பஸ்ஸில் போனேன். ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்போது மணி எட்டேகால். கோழிப் பண்ணைகளின் இரத்த மாதிரிகள் ஆறரைக்கே வந்து ஐஸ் பெட்டியில் கிடந்தன. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இடுப்புயரச் சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தனார் கௌதமன் வீடு. அங்கேயும் இதே கம்பெனி வண்டி, இதே வெள்ளை. நான் வாங்கி இரண்டே மாதத்தில் அவர் மனைவி தீபிகாவுக்கும் வந்துவிட்டது. தினமும் காலையில் போனைப் பார்த்து அவளிடம் சொல்கிறார்: "தீபி, நூறு இருக்குது." எனக்குக் கேட்கட்டும் என்றே சொல்கிறாரோ? நூறாம் நூறு.

மார்ச் 6, வியாழன்

என் வீட்டுக்காரர் போன் பண்ணினார். ரிக் வண்டியோடு ராய்ப்பூர் பக்கம் இருக்கிறார். இந்த வருஷம் போர்வெல் போடும் வேலை அங்கேதான்.

"நல்லா அழுத்திச் சொருகுனயா வாணி?"

அழுத்திச் சொருகினேனாம். ஆய்வகத்தில் எத்தனை மெஷினை ஓட்டுகிறவள், ஒரு பிளக்கைச் சொருகத் தெரியாதவளா நான்? கேட்கவில்லை. "ம்" என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் கௌதமன் ஒயரைத் துடைத்து, சுருட்டி, ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். தீபிகா டீ டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சார்ஜர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது தெரியுமா? மகாராணி.

பொறாமைதான். வேறு பேர் வைத்து என்ன ஆகப்போகிறது. வண்டி மேல் இல்லை, ஒயர் சுருட்ட ஒரு ஆள் இருக்கிறாரே, அதன் மேல்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் வண்டியைக் கழுவி, வாசல் முழுக்க ஹோஸ் பிடித்து விட்டேன். இன்று 100. குளித்தால்தான் சாப்பிடும் போல.

மார்ச் 12, புதன்

22. பஸ்.

மார்ச் 15, சனி

கம்பெனி ஆள் வந்தார். சார்ஜரைத் தான் கொண்டுவந்த டெஸ்ட் மெஷினில் மாட்டிப் பார்த்து, இது நல்லாத்தானே இருக்குதுங்க, ஊட்டு லைன்ல தான் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டு, பிளக் பாயின்டைப் புதிதாக மாற்றச் சொல்லிப் போனார். மாற்றினேன். இரவு பத்து நிமிடம் பச்சை. பிறகு சிவப்பு.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது? கௌதமன் வந்து அவர்கள் வண்டியைச் சொருகினார். என் கண்ணாலேயே பார்த்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

கேட்டேவிட்டேன். சுவரோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"தீபிகா, ரெண்டு ஊட்டுக்கும் ஒரே கரண்ட் கம்பம். நீங்க சொருகுனா எங்களுது நின்னு போகுது."

"அப்படிங்களா அக்கா? அப்ப நாங்க பகல்ல போட்டுக்கறோமுங்க. வண்டி சும்மாதான நிக்குது."

சும்மாதான் நிற்கிறதாம். நான் விடியும் முன் எழுந்து ஓடுகிறேன், இவள் வண்டி சும்மா நிற்கிறது. குத்திக்காட்டுவதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

சொன்னபடி பகலில் போட்டுக்கொள்கிறார்கள். இரவு கம்பம் முழுக்க எனக்கே எனக்கு. அப்படியும் சிவப்புதான்.

குற்றம் சொல்லக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது.

மார்ச் 21, வெள்ளி

டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். வரும் வியாழக்கிழமை 27ஆம் தேதி, தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய டாக்டர் வருகிறார். ஆறரைக்கு மாதிரி வாங்குவதிலிருந்து கூடவே நின்று பார்ப்பாராம். ஆய்வகப் பொறுப்பு எனக்கா, அறிவுக்கா என்று அன்றைக்கு முடிவாகிவிடும். "நேரத்துக்கு வந்துருவீங்கல்ல கோகிலவாணி?" என்றார்.

அறிவு என்னைவிட ஆறு வருஷம் இளையவன். அவன் வீட்டிலிருந்து ஆய்வகம் நடக்கிற தூரம். ஒன்பது வருஷமாக இந்தப் பொறுப்புக்காகக் காத்திருக்கிறேன். ஒரு பிளக் பாயின்ட் அதை எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுமா?

மார்ச் 24, திங்கள்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

சங்ககிரியிலிருந்து எலக்ட்ரீசியன் இளவழகன் வந்தார். பாயின்டில் மீட்டரை வைத்துப் பார்த்தவர், வண்டிப் பக்கமே திரும்பவில்லை.

"எர்த் குழி எங்கீங்க?"

"எந்தக் குழி?"

"ஊடு கட்டுறப்ப வெளிய குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, கம்பி இறக்கியிருப்பாங்களே. எர்த் சரியில்லீன்னா இந்தச் சார்ஜர் கரண்டை உள்ள உடாதுங்க. வெயில் காலத்துல குழிக்குத் தண்ணி ஊத்தோணும். ஊத்துறீங்களா?"

சுவருக்கு மேலே கௌதமன் தலை தெரிந்தது. "அண்ணி, அது டைல்ஸுக்கு அடியில போயிருச்சுங்க. அன்னிக்கே மேஸ்திரிகிட்ட, மூடி வெச்சு உடுங்கன்னு நான் சொன்னனுங்க."

சொன்னார். ஆமாம், சொன்னார். பொங்கலுக்கு முன்னால் நான் பார்க்கிங் டைல்ஸ் போட்டபோது. தீபிகா வாசலில் டைல்ஸ் போட்டுவிட்டார்கள், அதனால் நானும் போட்டேன். அவள் வாசல் நடுவே ஒரு அடிச் சதுரத்தில் இரும்பு மூடி ஒன்று இருக்கிறது. துருப்பிடித்த மூடி. மேஸ்திரியிடம் நான் சொன்ன வார்த்தை இப்போதும் காதில் கேட்கிறது: "அவங்க வாசல் மாதிரி அசிங்கமா மூடி கீடி வேண்டாம். எங்களுது ஒரே சீரா இருக்கோணும்."

ஒரே சீராகத்தான் இருக்கிறது. சொட்டுத் தண்ணீர் இறங்க வழியில்லாமல். வண்டி கழுவிய அன்று மட்டும் இடுக்கில் இறங்கியிருக்கிறது, அதனால்தான் அன்றைக்கு ஏறியது. அவர்கள் மூடியைத் திறந்து வாரம் இரண்டு குடம் ஊற்றுகிறார்களாம்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அதை டைல்ஸ் போட்டு வைத்திருக்கிறேன்.

இளவழகன் போகும்போது சொன்னார்: "குழியைத் தோண்டிச் சரி பண்ற வரைக்கும் சொருகாதீங்க. எர்த் இல்லாம சொருகுனா வண்டியத் தொட்டாலே ஷாக் அடிக்கும்." மேஸ்திரிக்குப் போன் போட்டால், வெள்ளிக்கிழமைதான் வாரேன் என்கிறார். வெள்ளி 28. எனக்கு வேண்டியது 27.

வண்டியில் 19.

மார்ச் 26, புதன்

சாயங்காலம் தீபிகா சுவரோரம் வந்தாள்.

"அக்கா, எங்க பாயின்ட்ல சொருகிக்குங்க. ஒயர் எட்டும்."

"வேண்டாம். பஸ் இருக்குது."

பஸ் இருக்கிறது. முதல் பஸ்ஸைப் பிடித்து, திருச்செங்கோட்டில் மாறி, ஏழேகாலுக்கு இறங்கலாம். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பிறகு ஏன் வேண்டாம் என்றேன்? மூடி அசிங்கம் என்று நான் மேஸ்திரியிடம் சொன்னபோது அவள் துணி காயப்போட்டுக்கொண்டு இருந்தாளா இல்லையா என்பதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால் தீபிகா வாசலில் நிற்கிறாள். கையில் சாவி.

"எடுத்துட்டுப் போங்க அக்கா."

"இல்ல தீபிகா, நான் பஸ்ல—"

"ரோசத்தை ஊட்ல வெச்சுட்டுப் போங்க. சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம்."

சாவியை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். நன்றி கூடச் சொல்லவில்லை நான்.

வையப்பமலை தாண்டியதும்தான் மீட்டரைச் சரியாகப் பார்த்தேன். 640. அந்த வண்டி வந்து ஐந்து மாதம். மொத்தமே அறுநூற்று நாற்பது கிலோமீட்டர். என் வண்டி பதினோராயிரத்தைத் தாண்டிவிட்டது. இருக்கையில் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.

ஆறு இருபதுக்கு ஆய்வகத்தில் இருந்தேன். பெரிய டாக்டர் ஆறு இருபத்தைந்துக்கு வந்தார். நல்லபடியாகப் போயிற்று.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன். "ஏன் தீபிகா, வண்டிய எடுக்கறதே இல்லையா?"

"சந்தை வரைக்கும் எடுப்பனுங்க. அதுக்கு மேல வேண்டாம்னுட்டாரு. அவரு லாரிப் பட்டறையில தினமும் நசுங்குன வண்டியாப் பாக்கறாரு, பயப்படறாரு. லைசென்ஸ் எடுத்து மூணு வருசமாச்சு." சிரித்தாள். "எங்குளுது எப்பவும் நூறு தானுங்க அக்கா. எங்க போறேன், எறங்கறதுக்கு?"

அந்த நூறைக் கேட்டுத்தான் தினமும் காலையில் வெந்து செத்தேன்.

மார்ச் 28, வெள்ளி

டைல்ஸ் உடைத்தாயிற்று. குழி சருகாகக் காய்ந்து கிடந்தது. புது உப்பு, கரி, இரண்டு குடம் தண்ணீர். மேலே இரும்பு மூடி. இரவு பச்சை விளக்கு, நிற்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

பொறுப்பு எனக்கு. கடிதம் கைக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன், ரிக் சத்தத்தில் அவருக்குப் பாதி கேட்கவில்லை.

பிறகு சுவரோரம் போனேன். தீபிகாவிடமும் சொன்னேன்.

"சந்தோசமுங்க அக்கா. ஆனா பொறாமையா இருக்குது. இன்னிக்கு நேத்து இல்ல. தினமும் அஞ்சரைக்கு உங்க கேட்டுச் சத்தம் கேக்கும், அப்ப முழிச்சுட்டுத்தான் படுத்திருப்பேன்."

எத்தனை லேசாகச் சொல்லிவிட்டாள். நான் ஒரு மாதமாக யாருக்கும் தெரியாமல் இந்த நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கும்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "ஞாயித்துக்கிழமை வண்டிய எடு. நான் பக்கத்துல உக்கார்றேன். ராசிபுரம் போயிட்டு வரலாம்" என்றேன்.

கௌதமன் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அண்ணி, ஏதாச்சும் ஆனா நீங்கதான் பொறுப்பு" என்றார். "அதுக்குத்தான் கடிதமே கொடுத்திருக்காங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏப்ரல் 13, ஞாயிறு

ராசிபுரம் போய் வந்தோம். லாரி வந்தால் கண்ணை மூடுகிறாள். மூடாதே என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று கத்தவில்லை. தூங்கிவிட்டேன்.

மே 11, ஞாயிறு

தீபிகா தனியாகத் தம்மம்பட்டி போயிருக்கிறாள், அவள் அம்மா வீட்டுக்கு. கல்யாணமாகி நாலு வருஷத்தில் தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. கௌதமன் காலையிலிருந்து வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். பட்டறைக்குப் போகவில்லை, காப்பியும் குடிக்கவில்லை.

பத்தரைக்கு என் போன் அடித்தது.

"அக்கா, வந்து சேந்துட்டேனுங்க. அம்மா அழுகுது. வண்டியில அறுபத்தி ரெண்டு இருக்குது."

"கௌதமன்கிட்டச் சொல்லிட்டயா?"

"இல்லீங்க. இனித்தான் சொல்லோணும். மொதல்ல உங்களுக்குத்தான்."

போனை வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கௌதமன் இன்னும் கேட்டைப் பார்த்தபடியே நின்றார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.