ஒப்பீட்டு விண்மீன்

ஜனவரி 9, 1984

என் ஆய்வு வழிகாட்டி அவதானி சார் இன்று சொல்லிவிட்டார். கடக ராசியில் நான் நாலு வருடமாகப் பார்த்துவரும் இரட்டை விண்மீனை இனி கோட்டி என்கிற கோடேஸ்வர ராவும் பார்ப்பானாம். மாதத்தில் பாதி இரவுகள் அவனுக்கு. குண்டூரிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத பையன்!

"ஒரே நட்சத்திரத்த ரெண்டு பேர் பார்த்தா என்னம்மா, தேஞ்சா போயிடும்?" என்றார்.

தேயாது சார். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

ஜனவரி 17

சங்கராந்திக்கு ஊருக்குப் போய்விட்டு அரிசெலு, நம் அதிரசம்தான், கொண்டுவந்து கொடுத்தான். "அம்மா உங்களுக்குன்னு தனியா கட்டிக் கொடுத்தாங்கக்கா." நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 6

இன்று இரானி ஹோட்டலில் எல்லாருக்கும் சாயா, உஸ்மானியா பிஸ்கட். அவதானி சார் செலவு. காரணம் கோட்டி.

என் ஜோடியில் ஒன்று பெரியது, குளிர்ந்தது. மற்றது சிறியது, சூடானது. ஏறக்குறைய மூன்று நாளில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. பெரியது சிறியதை மறைக்கும்போது வெளிச்சம் ஆழமாக இறங்கும். சிறியது பெரியதன் முன்னால் வரும்போது லேசாக. இந்த இறக்கங்களை அளந்துதான் இரண்டின் அகலம், சூடு, சாய்வு எல்லாம் கணக்கிட்டேன். பெரியது சூரியனைவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு அகலம் என்று கண்டுபிடித்த அன்று வீட்டில் பாயசம் வைத்தேன்.

ஒன்றையொன்று மறைக்காத நேரத்திலும் வெளிச்சம் மெல்ல ஏறி இறங்குகிறதாம். தேதிவாரியாகப் போட்ட கோட்டியின் வரைபடத்தில் அழகான அலை. "பெரிய நட்சத்திரத்து மேல கரும்புள்ளி இருக்குய்யா! நட்சத்திரம் சுத்தச் சுத்த வெளிச்சம் மாறுது!" என்று சார் மேசையைத் தட்டினார்.

அந்த ஏற்ற இறக்கம் என் படத்திலும் இருந்ததே! நாலு வருட அளவையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டதால் அங்கே சிதறலாகத்தான் தெரிந்தது. காற்று சரியில்லை என்று நினைத்து நடுவில் ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

பிப்ரவரி 7

தூங்கவில்லை. அவன் நன்றாகத் தூங்கியிருப்பான்.

பிப்ரவரி 20

கட்டுரையை எழுதி லண்டனுக்கு அனுப்பு என்று சார் கோட்டியை விரட்டுகிறார். "இன்னும் கொஞ்சம் பார்த்துடறேன் சார்" என்று இழுக்கிறான். என்ன ஒரு பணிவு! நடிப்பு.

தொலைநோக்கிக் கூடத்தின் கூரையைத் திறந்து மூடும் யாதகிரிக்குக்கூட இளக்காரம். "மேடம், கோட்டி பாபு பேரு லண்டன் வரைக்கும் போவுதாமே? உங்க பேரு எப்போ போவும்?"

"நீ டிக்கெட் எடுத்துக் கொடு, நானே போறேன்" என்றேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 3

அவன் கணக்கில் ஓட்டை இருக்கும். எங்கே?

பக்கத்தில் மாறாமல் ஒளிரும் ஒரு விண்மீனையும் மாற்றி மாற்றி அளந்து, அதோடு ஒப்பிட்டுத்தான் ஜோடியின் வெளிச்சத்தைச் சொல்கிறோம். அந்த ஒப்பீட்டு விண்மீன் மாறவில்லை என்று யார் சொன்னது? மூன்றாவதாக ஒன்றை வைத்து அதையும் சரிபார்க்க வேண்டும். இங்கே முதல் சில இரவுகளுக்குப் பிறகு யாரும் செய்வதில்லை. "அந்த நேரத்துல ஜோடிய இன்னும் ரெண்டு தடவ அளக்கலாம்ல?" என்பது சாரின் சட்டம்.

என் இரவுகளில் சரிபார்க்கப் போகிறேன். சாரிடம் சொல்லவில்லை.

மார்ச் 19

மாட்டினான்!

ஒப்பீட்டு விண்மீனே கூடிக் குறைகிறது. ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு முறை, மிகக் கொஞ்சமாக. அவனுடைய அலை அப்படியே அதில் தலைகீழாக இருக்கிறது. கரும்புள்ளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மிர்ச்சி பஜ்ஜி இரண்டு தட்டு சாப்பிட்டேன். நாளைக் காலை சாரிடம் போகிறேன். கோட்டி முகத்தைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 20

போகவில்லை.

புடவையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது உறைத்தது. அந்த ஒப்பீட்டு விண்மீனைத் தேர்ந்தெடுத்தது நான். நாலு வருட அளவு முழுக்க அதை வைத்துத்தான். அவன் அலை போனால் என் ஆய்வேடும் போச்சு. அகலம், சூடு, எல்லாம். ஜூன்ல குடுக்கணுமே! ஐயோ, என்ன பண்ணுவேன்?

வாயை மூடிக்கொண்டால்? அவன் கட்டுரை வெளிவரும். வேறு நாட்டில் யாராவது சரிபார்த்துச் சிரிப்பார்கள். அவனைப் பார்த்து மட்டும். அதை நினைத்தபோது சந்தோஷமாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கு.

மார்ச் 27

இன்று அவனை இரானி ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன். சாசரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"போன மாசமே சரிபார்த்துட்டேன். அதான் எழுதாம இழுத்துக்கிட்டிருக்கேன். எனக்கு ஒரு கட்டுரைதான் போகும். உங்களுக்கு…"

"அப்ப என்னதாண்டா பண்றதா இருந்தே?"

"நீங்களே பார்த்துருவீங்கன்னு இருந்தேன். நேத்து வந்தவன் நான். உங்க நாலு வருஷம் தப்புன்னு நான் போய் சார்கிட்ட சொன்னா நல்லாவாக்கா இருக்கும்?"

அவன்மேல் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை. இதிலுமா என்னை முந்த வேண்டும்?

ஏப்ரல் 4

உகாதி முடிந்ததும் இருவருமாகப் போய்ச் சொன்னோம். சார் கத்தினார். "சரிபார்க்க வேணாம்னு சொன்னவன் நான்தானேம்மா" என்றார் கடைசியில்.

ஆய்வேடு ஜூனில் இல்லை. மழைக்கு முன்னால் முடிந்தவரை மறுபடி அளக்க வேண்டும், மீதி அடுத்த குளிர்காலம். கோட்டி தன் இரவுகளை எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 18

அந்த ஒப்பீட்டு விண்மீன் மாறுவது இதுவரை யாருக்கும் தெரியாதாம். சின்ன அறிவிப்பாக அனுப்பலாம் என்றார் சார். "யார் மொதல்ல பார்த்தது?"

"அக்காதான் சார்" என்றான் கோட்டி, கண்ணைக்கூட இமைக்காமல்.

சார் என் பெயரை எழுதத் தொடங்கிவிட்டார். எழுதட்டுமே என்றுதான் இருந்தது.

"இல்ல சார். எனக்கு ஒரு மாசம் முன்னாடியே இவன் பார்த்துட்டான்."

ஏப்ரல் 23

தட்டச்சாகி வந்தது. அவன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. பார்த்ததும் வயிறு எரிந்தது, பழையபடியே. பிழை திருத்தி, தபாலுக்குக் கொடுத்துவிட்டு, கோட்டிக்கும் சேர்த்து இரண்டு சாயா சொன்னேன்.