நான்காவது சுற்றில் மீளும் பாட்டு

மார்ச் 3, திங்கள்

இல்லை, கேட்கத்தான் வாங்குகிறேன், விற்க அல்ல. பழைய பொருள் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார், நானும் இதையே சொல்கிறேன்.

இன்று ஒரு பெட்டி. முப்பத்தொரு இசைத்தட்டுகள். “பல் டாக்டர் வீட்டுது. அவர் போய்ட்டார், மகன் பழைய சாமானையெல்லாம் கழிக்கிறான். எல்லாம் அழுகைப் பாட்டும்மா. போட்டா, காயப்போட்ட துணிகூட ஈரமாயிடும்” என்றார்.

வீட்டில் பிரித்தபோது, ஓர் உறையின்மேல் பென்சிலால் ‘சிட்டுவுக்கு’ என்று எழுதியிருந்தது. படித்ததும் திரும்பிப் பார்த்தேன். அறையில் நான் மட்டும்தான். ஏன் திரும்பினேன்?

மார்ச் 5, புதன்

அந்தத் தட்டைப் போட்டேன். யாரோ ஒரு பெண் பாடுகிறாள். லேபிளில் பெயர் தேய்ந்துவிட்டது. இரண்டாவது சரணத்தில் கீறல். ‘கதவைச் சாத்தாதே’ என்ற இடத்தில் ஊசி மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. நான்கு முறை. பிறகு தானாகத் தாண்டிவிடுகிறது.

எழுந்து நின்றுவிட்டேன்.

அம்மா இறந்துபோனபோது எனக்கு ஐந்து வயது. முகம் புகைப்படத்திலிருந்து கிடைத்தது. குரல் மட்டும்தான் நானாக வைத்திருப்பது. சமையலறை, பச்சைக் கண்ணாடி ஜன்னல், அவள் முதுகு. பாடிக்கொண்டே வருவாள். இந்த வரி வந்ததும் நான்கு முறை சொல்லிவிட்டு மேலே போவாள். எனக்கு விளையாட்டுக் காட்டுகிறாள் என்று இருபத்திரண்டு வருடமாக நினைத்திருந்தேன்.

கீறலோடு சேர்த்துப் பாட்டைக் கற்றிருக்கிறாள்.

மார்ச் 6

ஊசியை மாற்றினேன். நான்கு முறைதான்.

மார்ச் 9, ஞாயிறு

அப்பா செய்தித்தாளை விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா பாடுவாளே, அந்தப் பாட்டு, என்று ஆரம்பித்தேன்.

“உங்கம்மாவா? பாட்டா?” சிரித்தார். “தூங்குற பிள்ளையும் அலறி எந்திரிக்கும்னு அவளே சொல்லுவா. வாயே திறக்க மாட்டா.”

“பிளேயர்ல கேட்டு...”

“நம்ம வீட்ல ஏதும்மா பிளேயர்?”

பச்சைக் கண்ணாடி ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். “சமையல்கட்டுல ஜன்னலே கிடையாதே. புகையில கண்ணெரியுதுன்னு தினம் என்கிட்ட சண்டை” என்றார். பிறகு நகவெட்டி ஆறாவது விரலோடு நின்றுவிட்டது. “பெரியம்மாகிட்ட கேளு” என்று எழுந்து போய்விட்டார். மிச்ச நான்கு நகங்களை வெட்டவேயில்லை.

அப்படியானால் அந்த முதுகு யாருடையது?

மார்ச் 11

வேலையில் மனம் ஓடவில்லை. செவித்திறன் சோதனை. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்பேன். இன்று ஒருவருக்கு நான் எதுவுமே அனுப்பவில்லை. பொத்தான்மேல் விரலே இல்லை. அவர் கையைத் தூக்கினார். முகத்தில் அவ்வளவு நிச்சயம்.

எப்போதும் ‘தவறு’ என்று குறிப்பேன். இன்று முடியவில்லை.

மார்ச் 13, வியாழன்

பெரியம்மாவுக்குப் போன் செய்தேன்.

“மூணு மாசம் உங்கம்மா ஆஸ்பத்திரில. உங்கப்பாவும் அங்கேயே கிடந்தார். எனக்கு அப்பதான் பிரசவம், உன்னைப் பாத்துக்க ஆள் இல்ல. உங்க பின் தெரு பல் டாக்டர் வீட்டம்மா, நான் வெச்சுக்கறேன்னாங்க. முந்தின வருஷம்தான் அவங்க பொண்ணு தவறிப்போச்சு. உன் வயசு.”

பெயரைக் கேட்டேன். கேட்காமலே தெரியும்.

“சிட்டுன்னு கூப்பிடுவாங்க. உன்னையும் அப்படியே கூப்பிட்டிருக்காங்கடி. நான் கூட்டிட்டு வரப் போனப்ப உன் பேரைச் சொல்லித் தொண்டை வத்தக் கத்தினேன். நீ பாட்டுக்கு விளையாடிட்டிருந்த. அவங்க ‘சிட்டு’ன்னாங்க. திரும்பின.”

மார்ச் 14

அம்மா இப்போது வெறும் புகைப்படம். சத்தமே இல்லை. அப்பாவின் அலமாரி, மருந்துச் சீட்டுகள், ஒரு பழைய கேசட், எல்லாம் தேடிவிட்டேன். ஒரு இருமல்கூட இல்லை. திருடியது யார்? அந்த அம்மாளா? நானா?

மார்ச் 16, ஞாயிறு

தட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின் தெருவுக்குப் போனேன். மருமகள் கதவைத் திறந்தாள். ரெக்கார்டு வாங்கியது நான்தான் என்றதும் பதறிவிட்டாள்.

“திருப்பிக் குடுக்க வந்தீங்களா? வேணாங்க, புண்ணியமாப் போகும். பெட்டிதான் போச்சு, பாட்டு போகல. அத்தைக்கு எங்க பேரெல்லாம் மறந்துபோச்சு, அந்த ஒரு பாட்டை மட்டும் விடமாட்டேங்கிறாங்க.”

உள்ளேயிருந்து கேட்டது. கதவைச் சாத்தாதே. கதவைச் சாத்தாதே. எண்ணிக்கொண்டே நடந்தேன்.

பச்சைக் கண்ணாடி ஜன்னல். பகல் வெளிச்சம் தரையில் பாசி மாதிரி கிடந்தது. நாற்காலியில் முதுகு. இளைத்துப்போன, அதே முதுகு.

நான்காவது முடிந்து மேலே போகவில்லை. பாட்டு நின்றது.

“சிட்டு, இவ்வளவு நேரம் எங்கடி போன?” திரும்பவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தேன், காலடிச் சத்தமே இல்லை.

என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா வைத்த பெயர். அவள் கொடுத்ததில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

“இங்கதாம்மா இருந்தேன்” என்று வந்தது.

மூலையில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.