நாடகத்தில் காணாமல் போன மகள்

என் தனம் அக்காவுக்கு,

உன் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கோட்டக்குப்பத்து வீட்டில் இப்போது முருகேசன் மாமாவும் நானும்தான். உன் புடவைகளை என்ன செய்யட்டும் என்று அவரிடம் கேட்டேன். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இனி நான் யாரைக் கேட்பது? அதான் உனக்கே எழுதுகிறேன்.

உன்னைப் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

எழுபதுகளில் மரக்காணத்தில் அப்பா இல்லாத வீடு நம்முடையது. அம்மாவும் நீயும் உப்பளத்துக்கு உப்பு வாரப் போவீர்கள், நான் பள்ளிக்கூடம் போவேன். உன்னைப் பிரம்மதேசத்தில் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு வருஷம்கூட நீ அங்கே வாழவில்லை. வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன அந்த மனுஷனைப் பாம்பு கடித்துவிட்டது. வெறும் நெற்றியோடு திரும்பி வந்தாய். துக்கம் கழிந்ததும் மறுபடி அம்மாவோடு அளத்தில் இறங்கினாய். அதற்குப் பிறகு நீ சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை, அளத்து முதலாளி வீட்டுக்கு டி.வி. வரும்வரை.

மெட்ராசில் டி.வி. ஸ்டேஷன் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தென்னைக்கு மேலே போகிற மாதிரி ஆன்டெனா கட்டியும், கடல்காற்று அடித்தால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். ஆனாலும் வாரத்தில் ஒரு சாயங்காலம் வருகிற அந்தக் குடும்ப நாடகத்துக்கு அளத்து ஜனம் மொத்தமும் முதலாளி வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும். சிரிப்பு நாடகம்தான். ஆனால் ஒரு வாரம் வரதட்சணையைப் பிடித்துக்கொள்ளும், இன்னொரு வாரம் குடியை. சிரித்துக்கொண்டே இருக்கும்போது சுருக்கென்று தைத்துவிடும். அதில் வருகிற அம்மாக்காரி பெரிய வாயாடி. அப்படியே தன்னை மாதிரியே பேசுகிறாள் என்று நம் அம்மாவுக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம்.

உன்னை மாதிரி ஒருத்தியும் அதில் இருந்தாள். புருஷனை இழந்து, பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட மகள். மாடியில் குடியிருக்கிற ஆள் எப்போது பார்த்தாலும் காப்பித்தூள் கேட்டுக்கொண்டு வந்து நிற்பார். அவர் தலை தெரிந்தாலே நாம் சிரிப்போம். ஒரு வாரம் அவர் காப்பித்தூள் கேட்கவில்லை. அந்தப் பெண்ணைத் தனக்குக் கட்டித் தருவீர்களா என்று கேட்டார்.

நாடகத்தில் அம்மாக்காரி கத்தினாள், சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள், கடைசியில் தன் கையாலேயே மகளுக்குப் பூ வைத்துவிட்டாள். நம் அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

அதற்குச் சில நாள் முன்னால்தான் உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்த முருகேசன் மாமா உன்னைப் பெண் கேட்டு வந்திருந்தார். அம்மா அவரை உள்ளே கூப்பிடக்கூட இல்லை. வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டாள்.

நாடகம் முடிந்து வரப்புமேல் வரிசையாக நடந்து வந்தோம். முன்னால் போய்க்கொண்டிருந்த நீ சட்டென்று நின்று திரும்பினாய்.

“ஏம்மா, அங்க உக்காந்து அப்படி அழுதியே. யாருக்காக அழுத?”

“அது நாடகம்டி. நாம ஊருக்குள்ள இருக்கோம்.”

நீ திரும்பி நடந்தாய். அடுத்த மாதம் இரும்பை கிராமத்துக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு மாமாவோடு கோட்டக்குப்பம் போய்விட்டாய். சேதி வந்ததும் அம்மா அழவில்லை, திட்டவில்லை. உன் பெயரை மட்டும் வீட்டில் சொல்லக் கூடாது என்றாள். சொல்லாமல் இருந்தேன், அக்கா. வேறென்ன செய்ய முடியும் எனக்கு?

ஆனால் அந்த நாடகத்தை மட்டும் அம்மா விடவில்லை. கல்யாணம் ஆன பிறகு அந்தப் பெண் நாடகத்தில் வரவே இல்லை. எங்கே போனாள் என்று யாரும் சொல்லவில்லை. அவள் பெயர்கூட அடிபடவில்லை. மற்றவர்களெல்லாம் அவளை மறந்து புதுக் கூத்துக்குச் சிரித்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் வாராவாரம் நாடகத்து வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். கடைசியில் முதலாளியம்மாவிடமே கேட்டுவிட்டாள். கல்யாணம்தான் ஆகிவிட்டதே, இனி அவளுக்குக் கதையில் என்ன வேலை என்று அந்த அம்மா சிரித்தாள்.

அம்மா பாதியிலேயே எழுந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். வழி முழுக்க அந்த டி.வி. அம்மாக்காரியைத்தான் திட்டிக்கொண்டு வந்தாள்.

“கட்டிக்கிட்டுப் போயிட்டா அவ்ளோதானா? பெத்தவ ஒரு தரம் போய்ப் பாக்க மாட்டாளா? என்ன பொம்பளை அவ?”

நீ முழுகாமல் இருக்கிறாய் என்று லாரிக்காரர்கள் என்னிடம் சொல்லியிருந்தார்கள். அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. எத்தனை மாசம் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் அளத்துக்குப் போகவில்லை. வளையல் வாங்கினாள், பூ வாங்கினாள், பொரியுருண்டை பிடித்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒரு வெட்கம், அப்படி ஒரு பயம்.

நீ குடியிருந்த வீட்டின் சொந்தக்காரப் பாயம்மா வாசலிலேயே எங்களை நிறுத்தினார். யாரென்று தெரிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நாள் வருவதற்கு முன்பே வலி எடுத்து, ஆண் குழந்தை உயிரில்லாமல் பிறந்திருந்தது. மரக்காணத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று நீதான் தடுத்தாயாம்.

நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். அம்மா கூப்பிட்டதும் திரும்பினாய்.

“இப்ப வந்தியாம்மா,” என்றாய். அவ்வளவுதான்.

அம்மா வளையல் பையை என் கையில் திணித்து, வெளியே வைக்கச் சொன்னாள். மாமா உள்ளே வருவதா, நிற்பதா என்று தெரியாமல் நிலைப்படிக்கு வெளியே நின்றிருந்தார். ஒருநாள் தன் வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பிய அந்த மனிதரை அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“மாப்ள, கொஞ்சம் வெந்நீர் வைங்க. இவளுக்கு இடுப்புக்கு ஊத்தணும்.”

மாமா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே அழுதார்.

நீ எழுந்து நடமாடுகிற வரைக்கும் அம்மா உன்னோடுதான் இருந்தாள். ஊர் என்னென்னவோ பேசியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு முதலாளி வீட்டு டி.வி. பக்கமும் போகவில்லை. அந்தப் பெண் நாடகத்தில் திரும்ப வந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உனக்கு அப்புறம் குழந்தை தங்கவே இல்லை. முன்னாடியே போய்க் கூட்டி வந்து வைத்துப் பார்த்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று அம்மா சாகும்வரை என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். உன்னிடம் ஒருமுறையாவது கேட்டாளா? கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? கடைசிக் காலத்தில் அவளுக்குக் கஞ்சி ஊட்டியவள் நீதான். அதுதான் உன் பதில் என்று நான் எடுத்துக்கொள்ளலாமா?

போன வாரம் போஸ்டர் அடிக்க வந்த பையன்கள் உன் பெயருக்குக் கீழே யார் யார் பெயரைப் போடுவது என்று கேட்டார்கள். மகன், மகள் என்று சொல்ல ஆளில்லாமல் எல்லோரும் முழித்தோம். தனலட்சுமி, முருகேசன் சம்சாரம் என்று போட்டால் போதும் என்றார் மாமா. அந்தப் போஸ்டர் எதிர்ச் சுவரில் இன்னும் இருக்கிறது. அவர் அதைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்கிறார்.

மரக்காணத்துக்கு என்னோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டேன். இந்த வீட்டை விட்டு வரவில்லை என்கிறார். நான் வற்புறுத்தப் போவதில்லை. அவருக்குச் சோறு இறங்குகிற வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன். அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருப்பேன். பிறந்த வீட்டிலிருந்து யாராவது வருவார்களா என்று உன் வாசலை இனி ஒருநாளும் காத்திருக்க விடமாட்டேன், அக்கா.

உன் கூடப் பிறந்தவள்,
வள்ளி