ஐந்து வசனமும் பிரான்ஸ் கடற்கரையும்

10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு
பின்னேரம் பாரிசுக்குப் போன் எடுத்தேன். என் கூடப்பிறந்த பிலோமினா அக்காவுக்கு வழக்கம்போலப் பேரன் புராணம். அனோஜ் செபமாலை முழுவதையும் தமிழிலேயே சொல்லி முடிக்கிறானாம். நான் விடுவேனா? எங்கள் பேத்தி ஜெனோஜாவுக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு கதைக்கும்போதுகூட வாய் தவறித் தமிழ் வந்துவிடுகிறது என்றேன்.
கொஞ்சம் கூடிப்போச்சோ?
அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நான் ஐந்து. அந்த மூன்று வகுப்பை அறுபது வருடமாக என் தலையில் வைத்துத்தான் நடக்கிறார்.

14 ஆகஸ்ட்
ஜெனோஜாவின் பள்ளிக்கூடம் பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகளைப் பிரான்சுக்குக் கூட்டிப் போகிறது. நோர்மண்டி என்று ஒரு கடற்கரைப் பக்கம். பதினைந்து வயதில் பிரான்ஸ்! திறமான பிள்ளைகளை மட்டும் தெரிந்தெடுத்தார்கள் என்று கோயிலில் எல்லோருக்கும் சொன்னேன். காருக்குள் ஏறியதும் மகள் டிலானி, "அம்மா, பேர் குடுத்த எல்லாரும்தான் போகினம்" என்றாள்.
பேர் கொடுக்கவும் ஒரு திறமை வேண்டும்தானே.

17 ஆகஸ்ட், ஞாயிறு
ஜெனோஜா பிரான்சுக்கு வருகிறாள் என்று அக்காவிடம் சொன்னது பிழையாகப் போய்விட்டது.
"அந்தக் கடல் எங்களுக்கு வான் பிடிச்சு ஓடினால் மூண்டு மணித்தியாலம்தான். எல்லாரும் வாறம். பிள்ளையின்ர தமிழை என்ர காதால கேக்கவேணும்."
ஐயோ மாதாவே. அவளுக்குத் தெரிஞ்ச தமிழே "அம்மம்மா", "காணும்", "சோறு வேண்டாம்". என்ர வாயாலயே நான் —

19 ஆகஸ்ட்
உண்மையைச் சொல்லிவிடலாமா?
மாட்டேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு
ஜெனோஜாவைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கெஞ்சினேன். ஐந்தே ஐந்து வசனம், மோனை. இல்லாவிட்டால் பெரியம்மம்மாவுக்கு முன்னால் நான் பொய்க்காரி.
"பட் யூ டிட் லை, அம்மம்மா" என்றாள். தமிழ் தெரியாவிட்டாலும் நியாயம் தெரிகிறது.
கடைசியில் ஒப்பந்தம்: அவளுடைய சிநேகிதிகள் வருகிற நாட்களில் நான் மீன் பொரிக்கக் கூடாது. கிறிஸ்மஸ் வரைக்கும். மீனோடு வளர்ந்த மன்னார்க்காரியிடம் கேட்கிற கேள்வியா இது?
சம்மதித்தேன்.

7 செப்டெம்பர், ஞாயிறு
வசனங்கள் முடிவாகிவிட்டன. எப்பிடிச் சுகம். நான் சுகமாய் இருக்கிறன். பயணம் நல்லாய் இருந்தது. அம்மம்மா உங்களை விசாரிச்சவா. எனக்குத் தமிழ் எண்டால் உயிர்.
ஐந்தாவதை நானே யோசித்துக் கட்டினேன். எட்டாம் வகுப்புக்கு இப்படி வராது. அவள் எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்தில் போனில் எழுதி வைத்திருக்கிறாள்.

27 செப்டெம்பர்
விமான நிலையத்தில் எல்லாப் பிள்ளைகளும் தாய்தகப்பனைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் இவளைக் கட்டிப்பிடித்து, "ஐஞ்சாவது என்ன, சொல்லு பாப்பம்" என்றேன்.

2 ஒக்டோபர்
நித்திரை இல்லை. சனிக்கிழமைதான் அவர்கள் சந்திக்கிற நாள். அக்கா கேள்விக்கு மேல் கேள்வி கேட்பாரே. ஆறாவது வசனத்துக்கு எங்கே போவது?

5 ஒக்டோபர், ஞாயிறு
பூசைக்கு வெளிக்கிடும்போது வீடியோ வந்தது. அக்காவின் மகள் எடுத்தது. கடற்கரை முழுக்கக் கல். ஒரு பிடி மணல் இல்லை. அக்கா வீட்டார் ஒன்பது பேர் நிற்கிறார்கள். பள்ளிக்கூட மிஸ்ஸின் கையில்கூட அக்கா பொரித்த ஒரு ரோல்ஸ்.
ஜெனோஜா நிமிர்ந்து நின்று, "எப்பிடிச் சுகம்" என்றாள்.
அனோஜ், "நான் சுகமாய் இருக்கிறன். பயணம் நல்லாய் இருந்ததோ?" என்றான்.
"பயணம் நல்லாய் இருந்தது. அம்மம்மா உங்களை விசாரிச்சவா."
"என்ர அம்மம்மாவும் உங்கட அம்மம்மாவை விசாரிச்சவா."
அதோடு நின்றது. அவன் வானத்தைப் பார்க்கிறான். இவள் கல்லைப் பார்க்கிறாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "எனக்குத் தமிழ் எண்டால் உயிர்."
ஒருவரையொருவர் பார்த்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு ஓடிவிட்டார்கள்.
திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் தரம்தான் கண்ணில் பட்டது. அனோஜுக்குப் பின்னால் அக்கா நிற்கிறார். அவன் வாய் திறக்க முன்பே அக்காவின் உதடு அசைகிறது. ஒவ்வொரு வசனத்துக்கும்.
இங்கே என் உதடும் அசைந்துகொண்டுதான் இருந்தது.

11 ஒக்டோபர்
பிள்ளை வந்து சேர்ந்தாள். அனோஜோடு என்ன பாஷையில் கதைத்தாய் என்று கேட்டேன். "இங்கிலீஷ். ஹீ வோச்சஸ் எ லொட் ஒஃப் டிவி" என்றாள். அவனுக்கு வசனம் படிக்கக் கிடைத்த கூலி, ஒரு மாதம் ஞாயிறு செபமாலைக்கு லீவாம்.

12 ஒக்டோபர், ஞாயிறு
அக்கா எடுத்தார்.
"பிள்ளையள் நல்லாக் கதைச்சதுகள்" என்றார்.
"ஓம் அக்கா."
பிறகு, "மாக்கிறேட், மாசியில எனக்கு முழங்கால் ஒப்பரேசன் செய்தவை. உனக்குச் சொல்லேல்லை."
எட்டு மாதம்! ஒவ்வொரு ஞாயிறும் கதைத்திருக்கிறோமே. என்ன கதைத்தோம்?
எனக்கும் படி ஏற ஏலாது, கோயிலுக்கு நடந்து போறன் எண்டதெல்லாம் பொய், டிலானிதான் காரில கொண்டுபோறவள் எண்டு சொன்னன்.
ஒரு மணித்தியாலம் முழங்கால்தான். பேரப்பிள்ளைகள் பேச்சில் வரவே இல்லை.