இரண்டு வலது கன்னங்கள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு பரவாயில்லை, கடையும் ஓடுகிறது. போனில் பேசினால் நீ இடையில் புகுந்து சமாதானம் சொல்லத் தொடங்குகிறாய், நானும் கத்திவிடுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. ஆகவே இந்தக் கடிதம். கடைசி வரி வரை படி.

நீ பிரேம் போட்டு அனுப்பிய குடும்பப் படம் போன புதன்கிழமை வந்தது. கண்ணாடி உடையவில்லை. நீ, உன் மனைவி, குட்டி மூன்று பேரும் நன்றாக இருக்கிறீர்கள். நாலாவதாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் யாரென்று தெரியவில்லை. என் புடவையைக் கட்டியிருக்கிறாள். என் கடிகாரத்தைப் போட்டிருக்கிறாள்.

முதலில் வெளிச்சத்தின் கோளாறு என்று நினைத்தேன். பிறகு புருவத்தைப் பார்த்தேன். என் வலது புருவத்தில் ஒரு வெட்டு உண்டு, உனக்கு ஆறு வயதில் இரும்பு ஸ்கேலை என் மேல் எறிந்தாயே, அது. படத்தில் இரண்டு புருவத்திலும் வெட்டு இருக்கிறது. நீ எறிந்தது ஒரு தடவைதான், தம்பி. தலையில் வகிடும் இரண்டு. அப்போதுதான் விளங்கியது. போன வருடம் முகவாதம் வந்து கோணிப்போன என் இடது பாதியை எடுத்துவிட்டு, வலது பாதியையே இடம் வலமாகத் திருப்பி அந்த இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுக் கேட்டபோது நீ மறைக்கவில்லை. ஸ்டுடியோக்காரரிடம் நீயே சொல்லித்தான் செய்தது என்றாய். “நல்லாத்தானே இருக்கு அக்கா? பார்த்தவங்க எல்லாம் பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்கன்னு சொல்றாங்க” என்றாய். அடுத்த சேதியையும் அதே மூச்சில் சொன்னாய். இந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, குட்டியின் கல்யாணத்தன்று மண்டப வாசலில் வைக்கப் போகிறீர்களாம். சம்பந்தி வீட்டு ஆட்கள் யாராவது என்னைப் பார்த்து இது பரம்பரை வியாதியா என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று உன் மனைவிக்கு ஒரே கவலையாம்.

கேட்டால் பதில் சொல்லுங்கள். ஒருநாள் காலையில் வாய் கொப்பளித்தாள், தண்ணீர் தானாக ஒழுகியது, அன்றிலிருந்து இப்படி என்று சொல்லுங்கள். அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடிக்க என் முகத்தில் பாதியை எடுத்துவிட்டீர்கள்.

நீ இங்கே வந்திருந்தபோது, நான் காலையில் போனை நீட்டிப் பிடித்து என்னையே படம் எடுப்பதைப் பார்த்துச் சிரித்தாய். அந்தக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். முழுதாகக் கேள்.

ஆஸ்பத்திரியில் முகப் பயிற்சி சொல்லித் தருகிற பெண்தான் தினமும் ஒரு படம் எடுக்கச் சொன்னாள். மாற்றம் இருந்தால் அதில் தெரியுமாம். எடுக்கும்போது திரையில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. எடுத்து முடித்த படத்தில் மறுபக்கம் கோணியிருந்தது. வாதம் இடம் மாறிவிட்டது என்றே நம்பிவிட்டேன். அந்த நாட்களில் முகம் முழுக்க மரக்கட்டையாக இருந்தது, எந்தப் பக்கம் எது என்று தொட்டுச் சொல்லவும் முடியவில்லை. நாலு நாள் வலது கன்னத்தைப் போட்டுத் தேய்த்தேன். ஐந்தாம் நாள் அவள் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கிற பக்கத்துக்கு எதுக்கும்மா இவ்ளோ வேலை கொடுக்கறீங்க?” என்றாள். நாற்பது வருஷமாக ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவள், எழுத்தைத் திருப்பிப் போட்டே பிழைத்தவள், சொந்த முகத்தில் ஏமாந்தேன். இதை உன் மனைவியிடம் சொல்லாதே.

வீட்டுக்கு வந்ததும் கடை ஸ்டாம்ப் ஒன்றைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தேன். எடுக்கும்போது திரையில் எழுத்து நேராக இருந்தது, வாசிக்க முடிந்தது. எடுத்த படத்தில் திரும்பிக் கிடந்தது. ரப்பரில் அது திரும்பித்தான் இருக்கும். ஆக, படம் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது, போன் திரையும் கண்ணாடியும்தான் மாற்றிக் காட்டுகின்றன. அறுபத்தாறு வயது வரை நான் கண்ணாடியில் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்ட முகத்தை என்னைத் தவிர யாருமே பார்த்ததில்லை. இதை எனக்கு எந்த ஸ்டுடியோக்காரரும் சொல்லித் தரவில்லை.

முதல் இரண்டு மாதம் ஜன்னல் பக்கம் நல்ல கன்னத்தை வைத்துத்தான் எடுத்தேன். மற்றது இருட்டில் கிடந்தது. படங்களைப் பார்த்த அந்தப் பெண், “ஒண்ணுமே தெரியலையே, எதை வச்சு நான் சொல்றது?” என்று கேட்டாள். கேட்டது நியாயம். அன்று நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். அதிலிருந்து இடது கன்னத்துக்குத்தான் வெளிச்சம். இருநூறு படத்துக்கு மேல் இருக்கிறது. இடது இமை ஒரு அரிசி அகலம் இறங்க நாற்பத்தொரு நாள் ஆனது. இப்போது கண் முக்கால்வாசி மூடுகிறது. வாய் இதற்கு மேல் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், சரி என்றேன். நான் பாடுபட்டு வாங்கிய முகம் இது. உன் ஸ்டுடியோக்காரர் அதை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் துடைத்துப் போட்டுவிட்டார்.

கடைக்கு வருகிறவர்கள் முதலில் என் தலைக்கு மேலிருக்கும் காலண்டரைப் பார்த்துத்தான் பேசினார்கள். இப்போது பழகிவிட்டது. போன மாதம் ஒரு வக்கீல் குமாஸ்தா ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “நீங்க சிரிக்கறீங்களா முறைக்கறீங்களான்னு தெரியலம்மா” என்றார். முறைக்கிறேன் என்றேன். ஸ்டாம்புக்கு அவசரம் எதுவும் இல்லை, நாளைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

இன்று காலை எடுத்த படத்தை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தக் கடைக்காரரும் கொஞ்சம் சரி பண்ணித் தரட்டுமா என்றுதான் கேட்டார். ஊருக்கே இந்த வியாதி பிடித்திருக்கிறது. எதில் தப்பு என்று கேட்டேன். அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்.

நேற்று குட்டி பேசினாள். “அப்பா ஆசையாத்தான் பண்ணினார் அத்தை. கல்யாணம் முடியற வரைக்கும் பொறுத்துக்கோங்க” என்றாள். குழந்தையிடம் என்ன சண்டை போடுவது? ஆனால் நீ ஆசையாகத்தான் செய்தாய் என்று நம்புகிறேன், அதனாலேயே அது சரியாகிவிடாது. என் பிழைப்பில் ஒரு பெயரில் ஓர் எழுத்தை நானாக மாற்றினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஸ்டாம்ப் செல்லாது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. கை வைக்காத படம் உன்னிடம் இருக்கும். அதைப் பெரிதாக்கி வை. அது முடியாதென்றால் என்னை வெட்டி எடுத்துவிட்டு மூன்று பேராக வை, நான் வருத்தப்பட மாட்டேன். வருத்தப்படுவேன், ஆனால் சண்டை போட மாட்டேன். என் புடவையில் இன்னொருத்தியை உட்கார வைக்காதே. உன் பிரேமை இதோடு திருப்பி அனுப்புகிறேன். என் வீட்டுச் சுவரில் அவளுக்கு இடமில்லை.

திங்கட்கிழமை வரை கல்யாணத்துக்கு வருவதில்லை என்றுதான் இருந்தேன். அவள் வாசலில் இருந்தால் நான் அங்கே எதற்கு என்று தோன்றியது. பிறகு யோசித்தேன். நான் வராவிட்டால் அவள் ஜெயித்துவிடுவாள். வருகிறவர்கள் அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள், அக்கா வந்திருந்தார்கள் என்று நீங்களும் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு விட மாட்டேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பன்னிரண்டாம் தேதி காலை ஆறரைக்கு வந்து சேருகிறேன். அவளை எடுக்காவிட்டால், ஒரு நாற்காலி போட்டு அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். வருகிற சம்பந்திகள் இரண்டு பேரையும் பார்த்து, யார் மணப்பெண்ணின் அத்தை என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போனில் இரண்டு தடவை சொல்ல வந்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். நீ இங்கே இருந்த மூன்று நாளும் என் வலது பக்கமாகவேதான் உட்கார்ந்தாய். சாப்பிடும்போதும் சரி, ஆட்டோவிலும் சரி. இடது பக்கம் நாற்காலி காலியாக இருந்தபோதும் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் உட்கார்ந்தாய். நீ தெரிந்து செய்தாயா தெரியாமல் செய்தாயா என்று நான் கேட்கவில்லை.

ஸ்டேஷனுக்கு டிரைவரை அனுப்பாதே, நீயே வா. நான் இறங்கியதும் ஒரு நிமிஷம் என் முகத்தை நேராகப் பார். இரண்டு பக்கமும் பார். பார்த்துவிட்டு உனக்கு அழுகை வந்தால் அழு, கோபம் வந்தால் திட்டு. அதற்கப்புறம் வாசலில் என்ன வைப்பது என்று பேசிக்கொள்ளலாம்.

குட்டி நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அவளைக் கட்டிக்கொள்கிறவன் அவளை எப்போதும் முழுசாகப் பார்க்கிறவனாக இருக்க வேண்டும். உனக்கும் உன் மனைவிக்கும் என் ஆசி.

உன் அக்கா