சம்மந்தம் முறிக்கும் ராட்டினம்

மே 6, செவ்வாய்

இன்று நான்கு வேன் வந்தது. அத்தனை பேரும் ஆண்கள், குழந்தைகள்.

காஞ்சிபுரத்தில் கல்யாணப் பட்டு எடுக்க இரண்டு வீட்டாரும் சேர்ந்துதான் வருவார்கள். பெண்கள் கடைக்குள் நுழைந்தால் வெளியே வர மாலை ஆகிவிடும். ஆண்கள் கொஞ்ச நேரம் "இந்தக் கலர் நல்லாருக்குதே" என்று சொல்லிப் பார்ப்பார்கள். யாரும் காதில் வாங்குவதில்லை. பிறகு பிள்ளைகளோடு சேர்த்து அவர்களையும் ஏற்றிவந்து இங்கே கொட்டிவிட்டுப் போவான் வேன் டிரைவர் பிரேம்நாத். எங்கள் 'கங்கா ஃபன் சிட்டி' இன்னும் மூச்சு விடுவது இந்தப் புண்ணியத்தில்தான்.

டிராகன் ரயிலுக்கு வால் இல்லை. அலைக்குளத்தில் முதலில் அலை நின்றது, அப்புறம் தண்ணீரும் நின்றது, இப்போது பக்கத்து வீட்டு ஆடுகள் மேய்கின்றன. டாஷிங் கார் மோத மறுக்கிறது. ஒழுங்காகச் சுற்றுவது ராட்டினம் ஒன்றுதான். அதற்கு நான் மேனேஜர். டிக்கெட் கொடுப்பதும் நான்தான், பஞ்சு மிட்டாய்க்காரர் வராத நாளில் பஞ்சு மிட்டாயும் நான்தான்.

மே 11, ஞாயிறு

முதலாளி முனிரத்தினம் வந்தார். முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். 'முன்னாள்' என்பதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கூடவே மகன் மணிவண்ணன், கையில் அளக்கும் டேப்போடு.

பார்க்கை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்களாம். ஆவணியில் பூமி பூஜை. முதல் கல்யாணமே மணிவண்ணனுடையதுதான், பெண் வீடு தென்னேரி.

"ராட்டினம் நிக்குது பாருங்க, கரெக்டா அங்கதான்கா மணமேடை வருது" என்றான்.

ராட்டினம் ஓட்டும் யேசுதாஸ் அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "அப்போ எங்களை இன்னா பண்ணுவீங்க தம்பி?" என்று கேட்டார்.

"ஏண்ணா, பார்க்கிங்ல விசில் ஊத ஆளு வேணாமா? ஜெயா அக்கா வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கட்டும். சிரிச்ச முகம்."

அங்கே நானும் சிரித்துவிட்டேன். கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. பன்னீரா? நானா? என் வீட்டுக்காரர் விமல்ராஜிடம் சொன்னால், "ஒரகடத்துல கம்பெனி கேண்டீனுக்கு ஆள் எடுக்கிறாங்களாம், போயேன்" என்கிறார். எனக்கு எந்தக் கேண்டீனும் வேண்டாம். இந்த ஓட்டை பார்க் ஓட வேண்டும், நான் அதை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 18, ஞாயிறு

இன்னும் தூக்கம் வரவில்லை. சிரிப்பினாலா பயத்தினாலா தெரியவில்லை.

மதியம் ஒரு கல்யாணக் கோஷ்டி. பெண்கள் பட்டுக்கடையில். மாப்பிள்ளையின் அப்பாவும் பெண்ணின் அப்பாவும் மரியாதையாக "நீங்க ஏறுங்க", "இல்ல, நீங்க ஏறுங்க" என்று சொல்லிச் சொல்லி ராட்டினத்தில் ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர்கள் பெட்டி உச்சிக்குப் போன நேரம் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. முதலாளி தன் கழனி மோட்டாருக்கு எடுத்துப் போயிருந்தார்.

சம்மந்திகள் முக்கால் மணி நேரம் வானத்தில் இருந்தார்கள். முதலில் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மாப்பிள்ளையின் அப்பா பொழுது போக வேண்டுமே என்று வாலாஜாபாத் பக்கம் கையை நீட்டி, "அதோ, அந்தப் பக்கந்தான் நம்ம ரைஸ் மில்லு" என்றிருக்கிறார். பெண்ணின் அப்பாவுக்கும் வேறு வேலை இல்லை. வாலாஜாபாத்தில் தெரிந்த ஒருவருக்கு போன் போட்டு, "சம்மந்தி மில்லு இங்க மேல இருந்து பார்த்தா தெரியுதுப்பா" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள், "அதை அவர் வித்து ரெண்டு வருஷம் ஆவுதே" என்றுவிட்டான்.

அதற்குப் பிறகு அங்கே நடந்தது கீழே நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஓடவும் இடமில்லை, உட்காரவும் மனமில்லை, பெட்டி அப்படி ஆடியது. யேசுதாஸ் அண்ணன் மேலே பார்த்து, "சார், கொஞ்சம் மெதுவா சண்டை போடுங்க, போல்ட்டு பழசு" என்று கத்தினார். கரண்ட் வந்து இறங்கியதும் ஒருவர் முன் கேட் வழியாகவும் மற்றவர் ஆடு வரும் சந்து வழியாகவும் போனார்கள். அங்கே கடையில் முகூர்த்தப் பட்டுக்கு பில் போட்டாயிற்றாம்.

மே 21, புதன்

ஒரு வேன் கூட இல்லை.

மே 25, ஞாயிறு

பிரேம்நாத்தைக் கூப்பிட்டு விசாரித்தேன். நெளிந்தான்.

"தப்பா எடுத்துக்காதக்கா. உங்க ராட்டினத்துல ஏறினா சம்மந்தம் புட்டுக்குதுன்னு டிரைவருங்க எல்லாம் பேசிக்கினு இருக்கிறாங்க."

"நீ நம்புறியா?"

"நான் நம்பலக்கா. ஆனா கல்யாணம் நின்னா, கல்யாணத்தன்னைக்கு எனக்கு வர்ற வாடகை பூடும்ல?"

மே 31, சனி

திருப்புட்குழியில் ஒரு சம்மந்தம் முறிந்ததாம். அதுவும் எங்கள் கணக்கில் எழுதிவிட்டார்கள். அவர்கள் உள்ளே வரவே இல்லை. வாசலில் டீ குடித்தார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

பேனர் அடித்து வைத்தேன். 'இந்த ராட்டினத்தில் ஏறியவர்கள் ஆயிரக்கணக்கானோர் மணமாகி நலமுடன் வாழ்ந்து வருகிறார்கள்.'

யேசுதாஸ் அண்ணன் தள்ளி நின்று படித்தார். "மேடம், சும்மா இருக்கிறவனுக்கும் இதைப் பார்த்தா சந்தேகம் வந்துடும்" என்றார். சரியாகத்தான் சொன்னார். ஆனாலும் அவர் மேல் எரிச்சல்.

ஜூன் 15, ஞாயிறு

ஸ்கூட்டியில் தனியாக ஒரு பெண் வந்தாள். அபிநயா என்றாள். படிப்பு முடித்த கையோடு நிச்சயம் பண்ணிவிட்டார்களாம், அடுத்த வாரம் பட்டு எடுக்க வருகிறார்களாம். டிக்கெட் கவுண்டர் ஜன்னலில் தலையை விட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மேடம், ஒரு ஹெல்ப். எங்க அப்பாவையும் மாப்பிள்ளையோட அப்பாவையும் ஒரே பெட்டியில உக்கார வைக்கணும். மேல போனதும் ஒரு அரை மணி நேரம் நிறுத்த முடியுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இது என்ன கோர்ட்டா? "பிடிக்கலைன்னா வீட்ல வாயைத் தொறந்து சொல்லும்மா!"

"சொன்னேன் மேடம். யாரும் கேக்கல. ராட்டினம் சொன்னா கேப்பாங்க."

முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினேன். போய்விட்டாள், பாவம்.

அவள் போன பிறகு ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று டீ குடித்தாலே கல்யாணம் நிற்கும் என்று நம்புகிற ஊர். அதே இடத்தில் மணமேடை போட்டால் எவன் வந்து உட்காருவான்?

ஏணி போட்டு ஏறி பேனரை நானே அவிழ்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. இதை எனக்காகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

டிரைவர்கள் கேட்டால், "அதெல்லாம் ஒன்னுமில்லப்பா" என்கிறேன். சொல்வதற்கு முன் கொஞ்சம் தயங்குகிறேன். சொன்ன பிறகு ராட்டினத்தை ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறேன். அவ்வளவே. மீதியை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவன் என் எதிரிலேயே, இந்த மண்ணில் அந்தக் காலத்தில் ஒரு மணப்பெண் கிணற்றில் விழுந்தாள் என்று சொன்னான். அந்தக் காலத்தில் இங்கே கிணறே கிடையாது. நான் வாயைத் திறக்கவில்லை.

வேன் வருவது அடியோடு நின்றுவிட்டது. உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கு இன்னும் சம்மந்தக் கவலை இல்லை.

ஜூலை 12, சனி

மணிவண்ணன் தன் வருங்கால மாமனாரை இடம் காட்ட அழைத்து வந்தான். தென்னேரிக்காரர். கார் கேட்டுக்கு வெளியே நின்றது. அவர் கால் கேட்டைத் தாண்டவில்லை.

"மாப்ள, நீங்க எங்க வேணா கட்டுங்க. எம்பொண்ணு கழுத்துல இங்க தாலி ஏறாது."

"எல்லாம் மூட நம்பிக்கைங்க சம்மந்தி" என்றார் முனிரத்தினம். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் இந்த மனுஷன் வண்டி எடுத்து நான் பார்த்ததில்லை.

"எங்க ஊரு நாட்டாமைங்க வரைக்கும் சேதி வந்துடுச்சு. விடுங்க."

மண்டபத்தில் பங்குப் பணம் போடுவதாக இருந்த கல்யாணச் சமையல்காரரும் கழன்றுகொண்டார் என்று சாயங்காலம் சேதி வந்தது. எல்லோருக்கும் என் செலவில் பஜ்ஜி வாங்கித் தந்தேன். "எதுக்கு மேடம்?" என்றார் யேசுதாஸ் அண்ணன். "சும்மாதான்" என்றேன். நன்றாகத் தூங்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சீ. என்ன பிறவிகள் இவர்கள்.

மணிவண்ணன் ஆபீசுக்குள் வந்தான், முகமெல்லாம் பல்.

"அக்கா, இது நல்லதுக்கு ஆகாத இடம்னுதானே ஊர்ல பேசுறாங்க?"

"யாரோ பேசுறாங்க."

"அப்போ மத்ததுக்கு ஆகும்ல? காரிய மண்டபம் போட்டுடலாம்கா. பதினாறாம் நாள், கருமாதி, படையல். கல்யாணத்துக்கு சீசன் இருக்குது. இதுக்கு ஆடி, மார்கழின்னு லீவே கிடையாது பாருங்க."

பெரிய கட்டடம்கூட வேண்டாமாம். டாஷிங் கார் ஷெட்டில் பந்தி, அலைக்குளத்தை மூடி மொட்டை போடும் இடம். முனிரத்தினம் பின்னால் நின்று, "எம்புள்ளைக்கு மூளைன்னா மூளை" என்று கண் கலங்கினார்.

எல்லாத்தையும் நானே பண்ணி வச்சேன். வாயை மூடிக்கினு தயங்கித் தயங்கி நின்னேனே, அதுக்கு வேணும் எனக்கு. கல்யாண மண்டபம்னா பன்னீராவது தெளிச்சிருப்பேன். இப்போ என்னத்தைத் தெளிக்கிறது? யேசுதாஸ் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியல. விமல்ராஜ் திரும்பவும் கேண்டீன் என்றார். சாப்பிடாமல் படுத்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

பழைய இரும்புக்காரர் வந்தார். டிராகன் ரயில் லாரியில் ஏறிப் போனது, வாலில்லாமல் தலை மட்டும் பின்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு. டாஷிங் கார்களும் போயின. இங்கே மோதாதவை எல்லாம் லாரியில் நன்றாக மோதிக்கொண்டன. சிரிக்கத்தான் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது.

ராட்டினத்தை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். அதைப் பிரித்து இறக்கக் கிரேன் வேண்டுமாம், கட்டுப்படியாகாதாம். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் மணிவண்ணன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

புது போர்டு: 'கங்கா நினைவு மஹால்'. எனக்கு அதே நாற்காலி, அதே மேனேஜர் பட்டம். யேசுதாஸ் அண்ணனுக்கு நிஜமாகவே ஒரு விசில் கொடுத்துவிட்டார்கள். ஊதிப் பார்த்துவிட்டு, துடைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் காரியம். வாலாஜாபாத்தில் மரக்கடை வைத்திருந்தவர், பெரிய சாவு, பேரன் பேத்திகள் ஏராளம். காலையில் மொட்டை, படையல், மதியம் டாஷிங் கார் ஷெட்டில் பந்தி. வடை நன்றாக இருந்தது.

சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக ராட்டினத்தின் அடியில் போய் நின்றன. மணிவண்ணன் காலையிலேயே போன் பண்ணி, "அக்கா, ராட்டினத்தைச் சுத்திக் கயிறு கட்டி வைங்க. ஜனம் தப்பா பேசும்" என்றிருந்தான். கயிறு எடுக்கத்தான் போனேன். இறந்தவரின் மூத்த மகன், மொட்டைத் தலையில் துண்டோடு, குறுக்கே வந்தார்.

"மேடம், பசங்க பதினாறு நாளா வூட்டுக்குள்ளயே அடைஞ்சி கெடக்குதுங்க. சத்தமா பேசினாக்கூட அடி வுழுது. இது சுத்துமா?"

யேசுதாஸ் அண்ணன் பார்க்கிங்கிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தார். துக்கத்துக்கு வந்தவர்களை ராட்டினத்தில் ஏற்றினார்கள் என்று ஊர் என்னவெல்லாம் பேசும்? பேசட்டும். பேசிப் பேசித்தானே இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

"சுத்துங்கண்ணா" என்றேன்.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டுத் திரும்பினார்கள். இரண்டாவது சுற்றுக்கு மொட்டை போட்ட மகன்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். மூன்றாவதற்கு வரிசையே நின்றது. யார் யாருக்கு எந்த முறை என்று தெரியாது, பெட்டிக்கு நாலு பேராக உட்கார்ந்தார்கள். எந்த உறவும் முறியவில்லை.

கடைசியில் இறந்தவரின் மனைவி லோகாம்பாள் என் பக்கத்தில் வந்து நின்றார். மெல்லக் கேட்டார்.

"நானும் ஏறட்டுமாம்மா? திருவிழாவுக்குத் திருவிழா கேட்டிருக்கேன். வாணாம், வுழுந்து வைப்பேன்னு அவரு ஒரு தபாகூட வுட்டதில்ல."

யேசுதாஸ் அண்ணன் தன் துண்டால் சீட்டைத் துடைத்தார். நானும் அவர் கூடவே ஏறி உட்கார்ந்தேன். மேலே போகும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதார். உச்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தம் போட்டுச் சிரித்தார். கீழே இருந்த சொந்தக்காரர்கள் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். நானும் சிரித்தேன். இத்தனை வருடத்தில் நான் அதில் ஏறியது இன்றுதான்.

வேன்கள் கிளம்பும்போது மூத்த மகன் ஆபீசுக்கு வந்தார். முப்பதாம் நாள் படையலை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அதை வழக்கமாக வீட்டில்தானே செய்வார்கள் என்றேன்.

"ஆமா மேடம். அம்மாதான் இங்க வைக்கச் சொல்றாங்க."