கிண்ணம் நிறைய இலை

நாள் 41. 18:10
செவ்வாய், இரண்டாம் பசுமைக்கூடம். பதிவு: முத்தரசி, தாவரவியல். தனியாள்.
காற்றழுத்தம் சரி. நீர் சரி.
காலைக்கும் பகலுக்கும் பொட்டல உணவு. இரவுக்கு: கீரையும் லெட்யூஸும் 500 கிராம், அவித்த கொண்டைக்கடலை 150, வறுத்த வேர்க்கடலை 40, சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு 150, எலுமிச்சைச் சாறு. 700 கலோரிக்குச் சற்று மேல்.
சோறு இல்லாமல், சாலட்டையே இரவுச் சாப்பாடாக வைத்து இங்கே மனிதர் வாழ முடியுமா என்று சோதிப்பது என் வேலை. முடியும் என்று தோன்றுகிறது. கிழங்கு வயிற்றில் நிற்கிறது. கடலையை மெல்ல நேரமாவதால் சாப்பிட்ட திருப்தி வருகிறது. படிவத்தின் "நிறைவு" கட்டத்தில் ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

நாள் 88. 07:30
கிழங்குப் பாத்தி அழுகிவிட்டது. விதைக்கிழங்கும் போயிற்று. கடலைச் செடிகள் பூக்கின்றன, காய் பிடிக்கவில்லை. பூமியிலிருந்து கொண்டுவந்த கடலை நான்கு கிலோ மீதம்.

நாள் 131. 18:40
கடலை வாரம் இருமுறை. மற்ற நாட்களில் முட்டைக்கோசும் வெள்ளரியும் நறுக்கிக் கிண்ணத்தை நிரப்புகிறேன். எடை முன்பைவிட அதிகம், ஒரு கிலோ. கலோரி 230. ஒரு மணி நேரத்தில் பசிக்கிறது.
படிவத்தில் எடை, நிறைவு என்ற இரண்டு கட்டங்கள்தான் உண்டு. பூமியின் தரை நிலையத்திலிருந்து சுகுணா மேடம்: "என்னம்மா, வயிறு ரொம்புச்சா?"
ரொம்பிடுச்சு மேடம் என்று அனுப்பினேன். விடுதியில் சோறு தீர்ந்துபோன நாட்களிலும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. ஐந்து போட்டேன்.

நாள் 139. 11:15
தரை நிலையம்: "முத்தரசி, நல்ல சேதி. உன் அறிக்கைய வச்சு மேல முடிவெடுத்தாச்சு. அங்க வரப்போற அடுத்த கப்பல்ல ஏத்தின அரிசி, பருப்பு எல்லாத்தையும் இறக்கிட்டாங்க. அந்த எடைக்கு மூணு பேர் வர்றாங்க. எல்லாருக்கும் உன் சாலட்தான். இனிமே நீதான் மெஸ்காரம்மா."

நாள் 140. 09:50
பதிலை நான்கு முறை எழுதி அழித்தேன். ஐந்தாவதை அனுப்பினேன்: "சமீப நாட்களில் நிறைவு சற்றுக் குறைவாக இருக்கலாம் என எண்ணுகிறேன்."
இருபத்துநான்கு நிமிடத்தில் பதில்: "உன் தன்னடக்கம் எங்களுக்குத் தெரியாதா? ரேங்க் லிஸ்ட்ல முதல் பேரா வந்தப்போ 'சரியாப் பாருங்க மேடம், வேற முத்தரசியா இருக்கும்'னு சொன்ன ஆளு நீ. பயப்படாதே."
பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. நானும் சிரித்து ஒரு பதில் அனுப்பினேன்.

நாள் 152. 10:05
கப்பல் கிளம்பியது.
10:20. எல்லா எண்களையும் அனுப்பினேன். கிண்ணம் ஒன்றுக்கு 230 கலோரி. கடலை 600 கிராம். விளைச்சல் இல்லை.
பதில் வர ஆறு மணி நேரம் ஆனது. "ஏன்மா முன்னாடியே சொல்லல?"
பிறகு: "கப்பலைத் திருப்ப முடியாது. அவங்ககிட்ட இப்போ எதுவும் சொல்லாதே. நாங்க பாத்துக்கிறோம்."

நாள் 297. 13:00
கடலை தீர்ந்து நான்கு மாதம். பொட்டலங்களை நாளுக்கு ஒன்று என்று குறைத்துவிட்டேன். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. இலை மட்டும் வேண்டிய அளவு வளர்கிறது.
கப்பலிலிருந்து தலைவர் ஜெயசீலன்: "தங்கச்சி, இங்க மூணு பேரும் பொட்டலத்த வெளுத்துக் கட்டுறோம். மிச்சம் வச்சு என்ன பண்ண, அங்க வந்தா உன் சாப்பாடுதானே. இறங்குற அன்னிக்கு என்ன மெனு?"
அவர்களிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.
நான் சொன்னேன். "சற்று" என்றோ "எண்ணுகிறேன்" என்றோ எழுதவில்லை.

நாள் 299. 13:00
பதில் இல்லை.

நாள் 301. 15:35
கப்பல்: "கணக்குப் போட்டுப் பாத்தோம் தங்கச்சி. எங்ககிட்ட இருபது நாள் சாப்பாடு இருக்கு. வந்து சேர அம்பத்தொரு நாள். இங்க மூணு பேர், அங்க நீ ஒருத்தி. உன்கிட்ட எத்தனை பொட்டலம் இருக்கு?"
நாற்பத்துநான்கு என்றேன்.
"அதப் பிரிக்காதே. இலையச் சாப்பிட்டுச் சமாளி. தப்பா எடுத்துக்காதம்மா. சொன்னாக் கேப்பல்ல?"
சரிங்கண்ணா என்றேன்.

நாள் 305. 12:10
மூன்று நாள் அவர் சொன்னபடி இலையோடு இருந்தேன். இன்று ஒரு பொட்டலம் பிரித்தேன். நின்றபடியே சாப்பிட்டேன்.

நாள் 330. 12:00
ஜெயசீலன் தினமும் கேட்கிறார். குரல் உயர்வதில்லை. "எண்ணிச் சொல்லுமா."
தினமும் நாற்பத்துநான்கு என்கிறேன்.

நாள் 351. 16:20
பொட்டலம் பதினொன்று இருக்கின்றன.
கப்பல் சுற்றுப்பாதைக்கு வந்துவிட்டது. நாளைக் காலை இறங்குகிறார்கள். இன்று பேசியது ஜெயசீலன் இல்லை, வேறொருவர். பெயர் சொல்லவில்லை. "நாப்பத்துநாலுதானே?" என்று மட்டும் கேட்டார். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. மற்ற இருவரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

நாள் 352. 06:40
வெளியே விளக்கு தெரிகிறது. நடந்து வருகிறார்கள். இரண்டு பேர்தான்.
கதவை உள்ளிருந்து பூட்ட வழி உண்டா என்று கையேட்டைப் பார்த்தேன். இல்லை. ஆபத்தில் இருப்பவர் யார் வந்து தட்டினாலும் தானே திறக்கும்படி அமைத்த கதவு இது. தட்டுகிறார்கள்.